துவைத்துப் பழசாக்கிய புதுத்துணி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தக் கிறிஸ்மஸுக்கு யாரும் யாருக்கும் கடையில் எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாமாம். வீட்டில் கிடக்கும் நல்ல பழைய துணி, பை, பொம்மை என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து கீழே கார் நிறுத்தும் இடத்தில் வைத்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாமாம். அறிவிப்பின் கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். மறுபடி கவிழ்த்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்கித் தள்ளுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த நாகமலை புதுக்கோட்டையில் என்ன நடக்கிறது என்பதை என் வயதுக்காரர்களான நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? காலையில் மணி அடிக்கிறது, பார்சல். பாலை அடுப்பில் வைத்தால் மணி அடிக்கிறது, இன்னொரு பார்சல். என் மகள் வீட்டில் போன கிறிஸ்மஸ் பெட்டியே ஒன்று இன்னும் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. உள்ளே என்ன என்று கேட்டால், "மறந்துபோச்சும்மா" என்கிறாள். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் வேண்டும். எனக்கும் சம்மதம்தான்.

ஆனாலும் 'பழைய துணி' என்ற அந்த இரண்டு சொற்கள் என்னை உட்காரவிடவில்லை. பீரோவைத் திறக்கிறேன், மூடுகிறேன். யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும். இளசுகளிடம் சொன்னால் பாதியிலேயே போனைப் பார்ப்பார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் கப்பலூர் பக்கத்துக் கிராமம். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமாக ஒரு பாத்தி நிலம் கிடையாது. தாத்தா காலம்வரை எல்லோரும் பண்ணை வீட்டு வயலில் கூலி வேலை. கப்பலூரில் தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் அப்பா அங்கே ஒரு போல்ட், நட்டு செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில் போய், சைக்கிளில் வருவார். மாதச் சம்பளம் என்று ஒன்றை எங்கள் குடும்பத்தில் முதலில் வாங்கியவர் அவர்தான். எங்கள் தெருவின் ஓட்டுக்கூரைக் கோயிலுக்கும் அவர்தான் செயலாளர். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயிலோ பெரிய சர்ச்சோ இல்லை. ஒரு மணி, சில பெஞ்சு, மீதிப் பேருக்குப் பாய். அவ்வளவுதான்.

நான் நாலாவதோ அஞ்சாவதோ படித்த வருஷம், எங்களுக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தார். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் தாத்தாவும் போதகர், அப்பா காலேஜ் வாத்தியார். கண்ணாடி போட்டிருப்பார், மெதுவாகப் பேசுவார், எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா கொடுத்த சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். அதுவரை வந்த போதகர்கள் நாற்காலி கேட்பார்கள். அப்பா அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் உயிரை வைத்திருந்தார்.

டிசம்பர் முதல் ஞாயிறு அன்று அவர் பிரசங்கத்தில் சொன்னார். "தொழுவத்துல பிறந்தவரோட பண்டிகைக்குக் கடை கடையா அலையறோம். இந்த வருஷம் யாரும் புதுத்துணி எடுக்க வேண்டாம், பரிசு வாங்க வேண்டாம். வீட்டுல ஆளுக்கொரு பழைய உடுப்பு, நல்லா துவைச்சு, பேப்பர்ல சுத்திக் கொண்டு வாங்க. பேர் எழுத வேண்டாம். ஒருத்தர் உடுப்பை இன்னொருத்தர் உடுத்திக்கிட்டு ஆண்டவர்கிட்ட வருவோம். அதுதான் பரிசு."

கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. அவர் அதை ஆழ்ந்த யோசனை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, சந்தோஷமாகச் சிரித்தார். செயலாளர் என்பதால் அப்பா எழுந்து நின்று, "அப்படியே செய்வோங்கய்யா" என்றார். அந்த வருஷம் எனக்கு மஞ்சள் கவுன் என்று பேசி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே செய்வோம்னீகளே, என்னத்தச் செய்வீக? இருக்கது உடம்புல ஒண்ணு, கொடியில ஒண்ணு. அதையும் குடுத்துட்டு நாளைக்குக் கம்பெனிக்குத் துண்டைக் கட்டிக்கிட்டுப் போவீகளா?"

"அய்யா நல்ல எண்ணத்துல சொல்றாரு."

"நல்ல எண்ணந்தேன். யாரு இல்லேன்னா? உங்க பழைய சட்டையை எடுத்து இன்னொருத்தன் கையில குடுத்துருவீகளா நீங்க? குடுங்க பாப்போம்."

அப்பா வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி வாசலுக்குப் போனார். அம்மா எதைச் சொல்கிறாள் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது.

பண்ணை வீட்டில் தீபாவளிக்கு வேலைக்காரர்களுக்குப் பழந்துணி கொடுப்பார்கள். வாசலுக்கு வெளியே நின்று முந்தியை விரித்துப் பிடித்தால் மேலேயிருந்து போடுவார்கள். அப்படி வந்த ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சின்ன வயதில் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். பண்ணை வீட்டுப் பையனும் அதே வகுப்பு. அவன் வகுப்புக்கே கேட்கும்படி, "டேய், அது என் சட்டை" என்று சொல்லியிருக்கிறான். சண்டைக்குச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னான். அப்பா அன்றைக்கு மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார். தனக்குப் பிள்ளை பிறந்தால், வருஷம் பூராவும் கிழிசலைப் போட்டாலும், கிறிஸ்மஸ் அன்றைக்கு அடுத்தவர் உடம்பு படாத துணியைத்தான் போடவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாராம். எங்களுக்குப் புதுத்துணி வாங்கிப் பிரிக்கும் ஒவ்வொரு வருஷமும் அவர் முதலில் அதை மூக்கில் வைத்துக் கஞ்சி வாசனை பார்ப்பார். பிறகுதான் எங்கள் கையில் கொடுப்பார்.

சில நாள் அப்பா இப்படியே நடந்தார். சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். பக்கத்துத் திருமங்கலத்தில் இல்லாத துணிக்கடையா, டெய்லரா? அங்கே போனால் எங்கள் தெருக்காரர்கள் கண்ணில் படுமே என்று, ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையம் வரைக்கும் போனார். துணி எடுத்தார். சிவப்புப் பூப் போட்ட பாப்ளின், ஒரு பாவாடைத் துணி, சட்டைக்குக் கோடு போட்ட டெரிகாட்டன், ஒரு வாயில் சேலை. எதுவும் எங்களுக்கில்லை. போனஸ் அத்தோடு போயிற்று.

அங்கே தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் டெய்லர் பாய் கடை. நைந்துபோன டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மிஷினை விட்டுத் தலைதூக்காமலே கேட்டார்.

"யாருக்கண்ணே அளவு?"

"யாருக்கும் இல்ல பாய். பொதுவான அளவு. நடுத்தர ஆளுக்கு ஒரு சட்டை. இந்தா நிக்குதே, இந்தப் பிள்ளை சைஸுக்கு ஒரு கவுனு. அக்காகாரி சைஸுக்கு ஒரு பாவாடை."

"இந்தப் பாப்பாவுக்கா?"

"இந்தப் பாப்பாவுக்கு இல்ல. இந்தப் பாப்பா மாதிரி ஒரு பாப்பாவுக்கு."

டெய்லர் இப்போது மிஷினை நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார். "ரொம்பப் புதுசாத் தெரியக்கூடாது, அதானே?" என்றார்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொழில்ண்ணே. கேக்காதீங்க." டெய்லர் துணியை விரித்துப் போட்டார். அவருக்குப் பின்னால் பலகையில் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்தேன். எல்லாமே பொதுவான அளவு என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு இருந்த ஒரே நினைப்பு, அந்தச் சிவப்புப் பூ கவுன் எனக்கில்லை என்பதுதான். அதற்கு என் முதுகில் டேப்பை வைத்துத்தான் டெய்லர் அளவெடுத்தார். டேப் பட்ட இடமெல்லாம் அரித்தது.

தைத்து வந்த துணிகளை அம்மா பம்புசெட்டுக்குக் கொண்டுபோய் உவர்மண் போட்டுத் துவைத்தாள். கல்லில் அடி அடி என்று அடித்தாள். கஞ்சி போகவேண்டும், மொரமொரப்பு போகவேண்டும். வெயிலில் காயப்போட்டு, மறுநாள் திரும்பவும் அடி. புதுத்துணியை யாராவது இப்படிக் கொலை செய்வார்களா? எனக்கு அழுகையாக வந்தது. அந்த வாரம் பூராவும் பம்புசெட்டுக் கல் காலியாகவே இல்லை. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வந்தால் இன்னொருத்தி ஈரத்துணியை அண்டாவுக்குள் அமுக்கினாள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் சிவப்பாகவும் பச்சையாகவும் போனது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயிலில் பேப்பர் பொட்டலங்கள் மலையாகக் குவிந்தன. போதகரம்மா அவற்றை ஆண், பெண், பெரியது, சிறியது என்று பிரித்து வைத்தார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அவர்கள் வீட்டுப் பொட்டலங்களும் அதற்குள்தான் கிடந்தன. போதகர் ஒளிக்காமல் தன் பங்கை எல்லோருக்கும் முன்பாகவே குவியலில் போட்டார். அவர் சொன்னதைச் செய்கிற மனிதர். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து பிரித்தோம். அப்பாவுக்கு வந்தது ஒரு வெள்ளைச் சட்டை. அதை எடுத்துத் திருப்பினார், தையலைப் பார்த்தார், மூக்கில் வைத்தார். "ஏத்தா, இது புதுசு" என்றார். அம்மா தன் சேலையை உதறினாள். மடிப்பில் கடைக்காரன் போட்ட சீல் மங்கலாக இருந்தது. அக்காவின் பாவாடையும் அதே கதை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அம்மாவுக்குப் புரையேறியது. "ஊரே சேந்து பம்புசெட்டுல புதுசைப் போட்டு அடிச்சிருக்குடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் என் பொட்டலத்தைப் பிரித்து மாட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

நீல வெல்வெட் கவுன். கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ். இடுப்புப் பக்கம் கொஞ்சம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. பாச்சை உருண்டை வாசனை. அப்படி ஒரு மெத்துமெத்தான துணியை நான் அதற்கு முன்னால் தொட்டதே இல்லை. பக்கத்தில் ஒரு பாக்கெட். கையை விட்டால் உள்ளே கசங்கிய மிட்டாய்க் காகிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சள் கவுனும் சிவப்புப் பூவும் எங்கேயோ போய்விட்டன.

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"யாரோடது இது?"

"நம்ம தெருவுல வெல்வெட்டு யாரு போடுறா?" என்றாள் அம்மா மெதுவாக. "அய்யா வீட்டுப் பிள்ளையோடது."

"கழட்டச் சொல்லு."

நான் கழற்றினேன். காலையில் பள்ளிக்கூட யூனிபாரத்தில் வரட்டும் என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். மூங்கில் குச்சியில் கலர்க் காகிதம் ஒட்டிச் செய்த நட்சத்திரம் வாசலில் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. அதை நிமிர்த்தினார், அது சாய்ந்தது, மறுபடி நிமிர்த்தினார். நான் அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

விடியற்கால ஆராதனைக்கு அப்பா மணி அடிக்க முன்னால் போய்விடுவார். அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்தாள், மூலையில் மடித்து வைத்திருந்த கவுனைப் பார்த்தாள். "போட்டுக்க. வாரது வரட்டும்" என்றாள். நானும் போட்டுக்கொண்டேன். பனியில் நடக்கும்போது வெல்வெட் காலில் உரசிய சுகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கோயிலில் பார்த்தால் ஜனம் பூராவும் பளபளவென்று இருந்தது. எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் புதுத்துணி தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்குமா? விளக்கு வெளிச்சத்தில் அத்தனை பேரும் புது மாப்பிள்ளை, புதுப் பொண்ணு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். போதகர் எங்களைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. நாங்கள் கோயிலில் வாங்கிய பொட்டலத்தைத் தூரப் போட்டுவிட்டு, அவரவருக்குப் புதுசு வாங்கி உடுத்திக்கொண்டு வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். "ஒரே ஒரு வருஷம். அதுகூட உங்களால விட முடியலையே" என்றார் பிரசங்கத்தில். "ஆசைதான் நம்மளை ஆளுது." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் சனங்களை ஆசை பிடித்தவர்கள் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் கெட்டவரில்லை. இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. வாங்கித் தள்ளுகிறவர்களிடம் சொல்லவேண்டியதை, வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குகிறவர்களிடம் சொன்னார். அதை நினைத்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, போதகர் வீட்டுப் பிள்ளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் ஓடி வந்தது. என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவள். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஐ! அது என் கவுன்!"

அப்பா மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்ததால், எதை உடுத்தியிருக்கிறேன் என்பதை அப்போதுதான் பார்த்தார். சைக்கிளைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிக்குழம்பு யாருக்கும் இறங்கவில்லை. அப்பா செயலாளர் பொறுப்பை விட்டுவிடப்போவதாகச் சொன்னார். இனிமேல் அந்தக் கோயில் படியே ஏறப்போவதில்லை என்றார். அம்மா, "பேசாம இருங்க, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். அவர் பேசாமல்தான் இருந்தார், ஆனால் உட்காரவில்லை. நான் கவுனோடு கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். கூப்பிட்டால் கழற்றச் சொல்வார்கள் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் போதகர் வந்தார். அங்கி இல்லை. அவருக்குப் பொட்டலத்தில் வந்த சட்டையைப் போட்டிருந்தார். அப்பா கோரிப்பாளையத்தில் தைத்த அதே கோடு போட்ட டெரிகாட்டன். கையில் வெள்ளை நூல் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்.

"காலருக்குள்ள இருந்துச்சு. டெய்லர் பிரிக்க மறந்த நூல். எங்க வீட்டம்மா எடுத்துக் காட்டினாங்க. யார் குடுத்த சட்டை இது, தெரியுமா?"

"நாந்தேன்யா."

"பழசுதானே கொண்டுவரச் சொன்னேன்?"

"எங்ககிட்ட குடுக்குற மாதிரி பழசு இல்லீங்கய்யா. உடுத்துறதுக்கு மட்டுந்தேன் இருக்கு."

போதகர் கையிலிருந்த நூலைப் பார்த்தார். "அப்போ மத்தவங்களும்?"

"எல்லாருந்தேன். ஒருத்தரும் தனக்குன்னு எடுக்கலைய்யா. எல்லாம் அடுத்தாளுக்கு எடுத்தது."

"பழசைக் குடுத்திருந்தா என்ன? நானும் குடுத்தேனே?"

"நீங்க குடுக்கலாம்யா. நீங்க பழசைக் கைநீட்டி வாங்கினதில்ல." அப்பாவின் குரல் உயரவில்லை. "நாங்க வாங்கியிருக்கோம். வாங்குனவனுக்கு அதைக் குடுக்கக் கை வராது."

பிறகு கட்டம் போட்ட சட்டைக் கதையைச் சொன்னார். வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தரையில் உட்கார்ந்தார். "காலையில அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டனே" என்றார். "பாப்பா எங்க? அந்தக் கவுனைத் திருப்பிக் குடுத்துருங்க. நாளைக்கே புதுசு ஒண்ணு..."

"தர மாட்டேன்!"

கட்டிலுக்கடியிலிருந்து நான்தான் கத்தினேன். அம்மா காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். கவுனெல்லாம் ஒட்டடை. இரண்டு கையாலும் லேஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"பிடிச்சிருக்கா ஆத்தா?"

தலையாட்டினேன்.

"அடுத்த பிள்ளை போட்டதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்தப் பிள்ளை எல்லாரும் கேக்கச் சொன்னுச்சே. வெக்கமா இல்லையா உனக்கு?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அதுக்குச் சின்னதாயிருச்சுப்பா. எனக்குச் சரியா இருக்கு" என்றேன்.

அப்பா போதகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். கோயிலிலிருந்து வந்த பிறகு அவர் ஓரிடத்தில் நின்றது அப்போதுதான்.

"இருக்கட்டும்யா" என்றார். "அவ உடுத்தட்டும்."

போதகர் எழுந்து போனபிறகு அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் திருப்பி நிறுத்தினார். இழுத்த இழுப்பில் முதுகுப் பக்கம் கொக்கி கழன்றிருந்தது. தாளிடாத கதவு மாதிரி துணி இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. அதுவரை அந்தக் கவுனைத் தொடாதவர், இரண்டு ஓரத்தையும் பிடித்துச் சேர்த்துக் கொக்கியை மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. அம்மா உதவிக்கு வந்தாள். "இரு, நான் போட்டு விடுறேன்" என்று அவளைத் தள்ளிவிட்டு, மறுபடியும் முயன்று, மாட்டிவிட்டார்.